கிளியை விட்டு வட்டத்தைக் குறி வைப்போம்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் பிரயாணம் செய்கிறவர்கள், சேத்தூரை அடைந்ததும் வலப்புறம் திரும்பிப் பாராமல் போவது அபூர்வம். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே அவ்வளவு கிட்டத்தில் நிற்கிறது. மலைக்கும் ஊருக்கும் இடையே நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் பரந்து கிடக்கின்றன. பழைய ஏடுகளில் இவ்வூர் 'சேற்றூர்' என்று வழங்கும். அந்தப் பெயரைச் சொல்லும்போதே வயலின் ஈரம் காலில் படுவது போலிருக்கும். தமிழ்ப் புலவர்களை ஆதரித்த ஜமீன் இது. 'சேற்றூர்ச் சமஸ்தான வித்துவான்' என்பது ஒரு காலத்தில் புலவர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் பெருமையுடன் போட்டுக்கொண்ட பட்டம்.

இப்பேர்ப்பட்ட ஊரை வைத்துக்கொண்டு நாம் இன்று எழுதப் புகுந்திருப்பது தமிழைப் பற்றியன்று, துப்பாக்கியைப் பற்றி! நேயர்கள் திடுக்கிட வேண்டாம். வெடிமருந்தும் புகையும் இல்லாத காற்றுத் துப்பாக்கியைத்தான் சொல்கிறோம். திருவிழாக் கடைகளில் பலகை மீது வரிசையாகப் பலூன்களைக் கட்டிவைத்து, வருகிறவர்கள் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து, 'சுடுங்கள் பார்க்கலாம்' என்பார்களே, அந்த ஜாதி.

அதை ஒரு குடும்பம் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு குறி பார்த்துப் பழகுவது நல்ல வித்தையா, வீண் வினையா? இதற்கு நம்முடைய பதில் ஒன்றுதான். துப்பாக்கி எப்படிப்பட்டது என்பதைக் காட்டிலும், அதன் எதிரே எதை நிறுத்துகிறோம் என்பதே முக்கியம். மலையடிவாரத்து ஊர்களில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைக் காட்டிலும் பத்து மடங்கு பெரியது. ஏன் என்பதைச் சொல்லுகிறோம்.

பறிபோன ஆயுதம்

சேத்தூர் திருநெல்வேலிச் சீமையின் மேற்குப் பாளையங்களில் ஒன்று. வெள்ளையரை எதிர்த்து நின்ற பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவலும் இந்த மேற்குத் தொகுதியைச் சேர்ந்ததே. வேலும் வாளும் வளரியும் துப்பாக்கியும் அந்நாளில் இப்பக்கத்து வீடுகளில் ஏரும் கலப்பையும் போலச் சாதாரணமாகச் சார்த்தி வைக்கப்பட்டிருந்தவை.

1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ந் தேதி கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து அதைப் பார்க்கச் செய்த மேஜர் பானர்மன், அத்துடன் திருப்தி அடையவில்லை. கோட்டைகளை இடித்துவிட வேண்டும், ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டான். அன்று தொடங்கிய பறிமுதல், 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தால் தேசம் முழுமைக்கும் பூரணமாயிற்று. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கோ விதிவிலக்கு. சொந்த மண்ணில் சொந்த ஜனங்கள்மீது இதைவிட வெளிப்படையான அவநம்பிக்கை வேறு இருக்க முடியுமா?

அஹிம்சையே உருவான காந்தியடிகள்கூட 1930 ஜனவரியில் வைஸ்ராய் இர்வின் முன்பு வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்கான துப்பாக்கி லைசென்ஸ் என்பதையும் ஒன்றாகச் சேர்த்திருந்தார். ஆயுதத்தைத் தொடாதிருப்பது வேறு, தொடும் தகுதியே இல்லை என்று பிறர் சொல்லக் கேட்பது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். நம்மால் முடிந்தும் செய்யாமல் இருப்பதல்லவா விரதம்?

சுதந்திரம் வந்தபின், 1951இல் இந்திய தேசிய ரைபிள் சங்கம் ஏற்பட்டது. லோக் சபையின் முதல் சபாநாயகரான மாவலங்கர் அதற்குத் தலைமை வகித்தார். குறி பார்த்துச் சுடுதல் ஒரு விளையாட்டாக, ஒரு பயிற்சியாக ஜனங்களிடம் பரவ வேண்டும் என்பது நோக்கம். பழைய சட்டத்தை நீக்கி 1959இல் சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் பிறந்தது. அதன் கீழ் 2016இல் வெளியான விதிகள், 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று விட்டிருக்கின்றன. வாங்குகிறவர் கடையில் அடையாளச் சான்று கொடுத்துப் பதிவு செய்துகொண்டு வாங்கலாம்.

ஆகவே, பானர்மன் வாங்கிக்கொண்டு போனது ஒரு சிறு வடிவத்தில் நம் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் இனி விஷயம்.

மாந்தோப்பில் நடப்பது

காற்றுத் துப்பாக்கியை வாங்கியவுடன் பலருடைய கண் மரத்தின்மீதுதான் போகிறது. மாம்பழத்தைக் கொத்தும் கிளி, கிளையில் ஓடும் அணில், கூரையில் உட்கார்ந்த புறா இவையே இலக்காகின்றன. 'இது என்ன, விளையாட்டுச் சாமான்தானே!' என்று பெரியவர்களும் இருந்துவிடுகிறார்கள்.

விளையாட்டுச் சாமானா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை கிராம் எடையுள்ள ஓர் ஈயக் குண்டு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் 10 ஜூல். விதி அனுமதிக்கும் அளவில் இது பாதிதான். ஆயினும் ஒரு பறவையின் உயிரைப் போக்க இது போதும். ஒரு குழந்தையின் கண்ணை நிரந்தரமாக அவித்துவிடவும் போதும்.

இனி, சேத்தூர் மலையடிவாரத்தில் இருப்பது எந்த அணில் என்று பார்க்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடுகளில் நரை அணில் என்னும் பெரிய அணில் வாழ்கிறது. நம் வீட்டு முற்றத்தில் ஓடும் மூவரி அணில் அன்று இது. வாலோடு சேர்த்து அளந்தால் ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். உச்சிக் கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் மரங்களில் கூடு கட்டி, தரையில் இறங்காமலே மரத்துக்கு மரம் தாவிப் போகும். உலகத்தில் இந்த இனம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. இதைக் காப்பாற்றவே 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் ஏற்படுத்தினார்கள். 2021இல் அந்தச் சரணாலயம் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று.

சரணாலயத்தின் எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது. அணிலுக்கு வரைபடம் தெரியாது. மாவும் புளியும் இருக்குமிடத்துக்கு அது வரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்ற பிராணி அது. அதைக் கொன்றவருக்குக் குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரையிலும் சிறைவாசம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கிளியும் அதே சட்டத்தின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. லைசென்ஸ் தேவைப்படாத துப்பாக்கி என்றால் எதையும் சுட லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல.

வட கிழக்கே அருணாசலப் பிரதேசத்தில் 2021ஆம் வருஷம் ஓர் இயக்கம் தொடங்கிற்று. காட்டுப் பறவைகள் அருகிப்போவதைக் கண்டு, காற்றுத் துப்பாக்கிகளைத் தாமாகவே ஒப்படைத்துவிடும்படி அரசாங்கம் ஜனங்களை வேண்டிக்கொண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒப்படைத்தவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் நம் பக்கத்தில் அந்த நிலை வர வேண்டுமா? வருவதற்கு முன்பே துப்பாக்கியின் முகத்தை வேறு பக்கம் திருப்பிவிடலாம் என்பதே நம் கட்சி.

கம்பரும் துரோணரும்

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இரண்டு கதைகள் இருக்கின்றன.

சிறு பிள்ளையாக இருந்த இராமன், வில்லில் உருண்டை வைத்து மந்தரையின் முதுகில் அடித்தான். அவனுக்கு அது விளையாட்டு. அவள் மறக்கவில்லை. முடிசூட்டு விழாவுக்கு நகரம் அலங்கரிக்கப்படும் வேளையில் அந்தப் பழைய அடி அவள் மனத்தில் எழுந்தது என்கிறார் கம்பர். பதினான்கு வருஷ வனவாசத்துக்கும் தசரதனுடைய மரணத்துக்கும் மூலத்தில் ஒரு மண் உருண்டை இருக்கிறது! அவதார புருஷனின் கையிலிருந்தே ஆயினும், வலியற்றதென்று நினைத்து விட்ட அடி வலியற்றதாகிவிடுவதில்லை.

மற்றொன்று மகாபாரதம். அர்ஜுனனுக்குப் பறவையின் தலை மாத்திரம் தெரிந்தது என்ற கதையைக் கேட்காத குழந்தை நம் நாட்டில் இல்லை. ஆனால் அந்தப் பறவை நிஜப் பறவை அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிஷ்யர்களைப் பரீட்சிப்பதற்காகத் துரோணர் செய்வித்து மரத்தின் உச்சியில் வைத்த பொம்மை அது. உலகத்தையே அதிர வைக்கப் போகிற வில்லாளிக்குக்கூட முதற் பரீட்சை ஒரு பொம்மையின் மீதுதான்.

கிளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தினைப்புனத்தில் பரண் ஏறி, தட்டையையும் குளிரையும் தட்டி ஓசை எழுப்பியும், கவண் எறிந்தும் கிளிகளை ஓட்டினார்கள் என்று சங்க நூல்கள் கூறுகின்றன. ஓட்டுவதே அவர்கள் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஆண்டாளின் கையில் கிளி அமர்ந்திருக்கிறது. அந்தக் கிளியை இலையாலும் பூவாலும் நாள்தோறும் புதிதாகச் செய்து சாத்துகிறார்கள். அந்தக் கோயிலின் சுற்றுவட்டாரத்தில் பறக்கும் கிளியைச் சுட்டு வீழ்த்திவிட்டு மாலையில் அர்ச்சனைத் தட்டுடன் போய் நிற்பது எப்படி?

வீட்டிலே ஒரு குறிக்களம்

சரி, துப்பாக்கியை என்னதான் செய்வது? வீட்டுக்குள்ளேயே ஒரு குறிக்களம் அமைக்கலாம். சர்வதேசப் போட்டிகளில் காற்றுத் துப்பாக்கிக்கு விதித்திருக்கும் தூரம் 10 மீட்டர். அதாவது சுமார் 33 அடி. இப்பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சாவிலிருந்து பட்டாசாலை வழியாகப் புறவாசல் வரைக்கும் நேர்கோட்டில் அந்தத் தூரம் கிடைத்துவிடும். கிடைக்காதவர்கள் 6 அல்லது 7 மீட்டரில் தொடங்கினாலும் பயிற்சிக்குக் குறைவில்லை.

கோட்டின் முடிவில் கெட்டியான சுவர் இருக்க வேண்டும். கதவோ ஜன்னலோ ஆள் நடமாடும் வழியோ இருக்கவே கூடாது. பக்கவாட்டில் வாசல் இருந்தால், சுடும் நேரத்தில் அதைத் தாழிட்டுவிட வேண்டும். சுவரின் முன்னால் ஆழமான மரப்பெட்டி ஒன்றை வைத்து, உள்ளே பின்பக்கம் இரும்புத் தகடு பொருத்தி, பழைய துணியையும் செய்தித்தாளையும் இறுக்கமாகத் திணிக்க வேண்டும். அதன் முகத்தில் இலக்கு அட்டை. குண்டு துணியில் புதைந்து நின்றுவிடும். வெறும் சுவரிலோ வெறும் இரும்பிலோ சுட்டால் ஈயம் சிதறித் திரும்பி வரும். சுடுகிறவரும் பக்கத்தில் நிற்கிறவரும் கண்ணாடி அணிவது அவசியம்.

ஈயம் விஷம் என்பதையும் மறக்கக் கூடாது. சிறுவர்கள் குண்டை வாயில் அடக்கிக்கொள்வதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் பலகாரத் தட்டு.

சுருள்வில் செய்யும் வேடிக்கை

இந்தத் துப்பாக்கியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வித்தை கைவந்த மாதிரி. குழலைக் கீழே மடக்கும்போது உள்ளே ஒரு பிஸ்டன் பின்னே தள்ளப்பட்டு, பலமான சுருள்வில் ஒன்று சுருங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் கொக்கி விடுகிறது. சுருள்வில் பாய்ந்து பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டனுக்கு முன்னாலிருக்கும் காற்று ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் நெருக்குண்டு, சிறு துவாரத்தின் வழியே சீறி, குண்டைத் தள்ளிக்கொண்டு குழலில் ஓடுகிறது.

வேடிக்கை இங்கேதான். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே, பிஸ்டன் முன்னே பாய்வதால் துப்பாக்கி பின்னே உதைக்கிறது. பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னே குலுங்குகிறது. இந்த இரட்டை அசைவு முடிவதற்குள் குண்டு புறப்பட வேண்டியிருக்கிறது. பலத்தை எல்லாம் திரட்டி இறுகப் பிடித்தால் குலுக்கல் நிற்கும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். நிற்காது. ஒவ்வொரு முறையும் இறுக்கம் சற்று மாறும். குண்டும் ஒவ்வொரு திசையில் போகும். இடது உள்ளங்கையை விரித்து அதன்மீது துப்பாக்கியைச் சும்மா படுக்கவைத்து, தோளிலும் இலேசாகப் பதித்து, அதன் போக்கில் அசைய விட்டால், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அசையும். குண்டுகள் ஒரே இடத்தில் விழும். அடக்கி ஆள்வதற்கும் இணங்கி நடத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சுருள்வில் எவ்வளவு அழகாகப் போதிக்கிறது!

சில எச்சரிக்கைகள். குண்டு போடும்போது மடக்கிய குழலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொக்கி நழுவினால் குழல் சாடி விரலை நசுக்கிவிடும். குண்டில்லாமல் வெறுமே சுடக் கூடாது. காற்று தடுக்காதபடியால் பிஸ்டன் முழு வேகத்தில் மோதிக் கெடும். சிலிண்டருக்குள் எண்ணெய் விடக் கூடாது. நெருக்குண்ட காற்றின் வெப்பத்தில், டீசல் என்ஜினில் நடப்பது போலவே, எண்ணெய் பற்றி வெடிக்கும். மடக்கிய துப்பாக்கியைச் சுடாமல் வைத்துவிட்டு நகரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனிதர் பக்கம் குழலைத் திருப்பக் கூடாது. பயிற்சி முடிந்ததும் துப்பாக்கி ஓர் அலமாரியிலும் குண்டு வேறோர் அலமாரியிலும் பூட்டப்பட வேண்டும். சாவி பெரியவர்கள் இடுப்பில் இருக்கட்டும்.

மூச்சும் விரலும்

அட்டையில் ஐந்து குண்டு சுடுங்கள். நடுவில் பட்டதா என்று முதலில் பார்க்காதீர்கள். ஐந்தும் நெருங்கி விழுந்தனவா என்று பாருங்கள். நெருங்கி ஓர் ஓரத்தில் விழுந்திருந்தால் குற்றம் துப்பாக்கியின் குறியில். அதைத் திருகிச் சரி செய்யலாம். சிதறி விழுந்திருந்தால் குற்றம் நம்மிடம். அதற்குத் திருகாணி இல்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலை வெடுக்கென்று இழுக்காமல் மெள்ள அழுத்தி, சுட்ட பிறகும் ஒரு கணம் இலக்கைப் பார்த்தபடியே இருக்கப் பழக வேண்டும். கோபத்தோடு சுட்டவன் அட்டையும் அமைதியோடு சுட்டவன் அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கம் தேவையில்லை.

போட்டி அட்டையில் பத்து எண்களுக்குரிய நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். குண்டின் அகலமோ 4.5 மில்லிமீட்டர். ஒன்பது மடங்கு பெரிய குண்டைக்கொண்டு ஒரு மயிர்ப்புள்ளியை 10 மீட்டருக்கு அப்பாலிருந்து தொட வேண்டும். கிளியைச் சுடுவது பிரமாதம் என்று நினைக்கும் பிள்ளைகளிடம் இந்தப் புள்ளியைக் காட்டி, 'இதைத் தொடு பார்க்கலாம்' என்று சொல்லுங்கள். அப்புறம் அவர்களுக்குக் கிளி ஞாபகமே வராது.

இந்த விளையாட்டு 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2008 ஆகஸ்டு 11ந் தேதி பெய்ஜிங்கில் அபிநவ் பிந்த்ரா இதில்தான் தங்கம் பெற்றார். தனி மனிதராக இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அவருடைய பெற்றோர் வீட்டிலேயே அவருக்குக் குறிக்களம் கட்டிக் கொடுத்திருந்தனர். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் பெற்றார். கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த நம் தமிழ்ப் பெண் இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்றார். அவர்கள் இன்று கையாள்வது சுருள்வில் துப்பாக்கி அன்று. அடைத்து வைத்த காற்றால் இயங்கும், உதையில்லாத உயர்ந்த வகை. ஆனால் தூரமும், வட்டமும், மூச்சும், பொறுமையும் ஒன்றே. ஆளின் பருமனும் தோளின் பலமும் இதில் முதன்மை அல்லவாதலால், வீட்டுப் பெண்களும் ஆண்களும் ஒரே கோட்டில் நின்று போட்டியிடலாம்.

எல்லாக் குழந்தைகளும் ஒலிம்பிக்குக்குப் போக வேண்டியதில்லை. தினம் இருபது குண்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில், துளைத்த அட்டைகளுக்குத் தேதி போட்டு ஒரு கட்டு. ஆறு மாதத்தில் பிள்ளையின் கை நிதானமும் மன நிதானமும் அந்தக் கட்டிலேயே தெரிந்துவிடும்.

சேத்தூர் முதலிய மலையடிவாரத்து ஊர்களில் பள்ளிக்கூடங்களும் இளைஞர் சங்கங்களும் இதை எடுத்து நடத்தினால் மிகவும் நல்லது. பொங்கலுக்கு ஓர் அட்டைப் போட்டி, வென்றவருக்கு ஒரு நல்ல புத்தகம் பரிசு, இவ்வளவு போதும் தொடக்கத்துக்கு. ஏறக்குறைய நூற்றைம்பது வருஷ காலம் பிறர் நம் கையை நம்பவில்லை. இன்று அதே கையில் துப்பாக்கி இருக்க, மாமரத்துக் கிளி அச்சமின்றிப் பழம் தின்று பறந்து போகுமானால், அந்தக் கை நம்பத் தகுந்த கை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.